நீ உடைத்த சீல்

எர்ரகட்டா ஞாயிற்றுச் சந்தையில் ஒரு கடைக்காரன், டிவியில் மாட்டி ஆடும் உன் பழைய கேம் பெட்டியைக் கவிழ்த்து என்னிடம் காட்டினான். அந்த நிமிடத்திலிருந்து உன்மேல் இருந்த கோபம் இரட்டிப்பாகிவிட்டது. செத்தவன்மேல் கோபம் வைக்கக் கூடாது என்று சர்ச்சில் சொல்வார்கள். நான் இப்போது சர்ச்சுக்குப் போவதில்லை. ஆகவே கேட்கிறேன். அந்த சீலை எப்போது உடைத்தாய்?

பெட்டியின் அடியில், திருகின் தலையை மூடி ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கர். அதைக் கோயில் நகை மாதிரி காத்தாய். பெட்டியைத் துடைக்கும்போதுகூட அந்த மூலையில் துணி படாது. பாலாநகரில் விமானக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில், பரிசோதனைப் பிரிவில் இருந்தவன் நீ. "சீல் ஒடஞ்சா அது வேற சாமான்லே" என்பாய். ஊரே தங்கள் பெட்டிகளைத் திறந்து சிப் வைத்துக்கொண்டிருந்த காலம் அது. சிப் வைத்தால் தெருவில் விற்கும் காப்பி டிஸ்க்கெல்லாம் ஓடும். வைக்காத பெட்டியில் ஒரிஜினல் மட்டும்தான் ஓடும். புதிய ஒரிஜினல் கடைக்கு வருவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால்தான் நமக்கு அந்தச் சந்தை.

அமீர்பேட்டில் என்னைவிட இளையவர்கள் இயக்குநர்களாகிவிட்ட ஒரு கோச்சிங் சென்டரில், நான் வாரம் முழுதும் இயற்பியல் கத்திவிட்டு வருவேன். நீ செகந்திராபாத்திலிருந்து வருவாய். ஈரானி டீ குடித்துவிட்டு இறங்குவோம். ஜோடி இல்லாத செருப்புகள், செத்த சார்ஜர்கள், இஸ்திரிப் பெட்டிகள் நடுவே உன் கை ஒரு டிஸ்க்கை எடுத்து வெயிலில் சாய்க்கும். கடைக்காரர்களிடம் தக்கணி உருது, என்னிடம் திருநெல்வேலித் தமிழ். சில சமயம் இரண்டும் கலந்துவிடும். "நக்கோலே, வேணாம், இது கீறல்" என்று வைத்துவிடுவாய்.

நாம் சேர்ந்து போன கடைசி ஞாயிறு நினைவிருக்கும். நாம் வெகுநாள் தேடிய அந்த மலைப்பாதைக் கார்ப் பந்தய கேம் என் கையில்தான் அகப்பட்டது. வாழ்க்கையில் எனக்கு முதலில் அகப்பட்டவை மிகக் குறைவு. திருப்பிப் பார்த்தேன், அடிப்பக்கம் கறுப்பு. அந்தப் பெட்டியின் ஒரிஜினல்களுக்கு அடிப்பக்கம் கறுப்பாகத்தான் இருக்கும். பேரம்கூடப் பேசாமல் வாங்கி உன்னிடம் நீட்டினேன். நீ அடிப்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. நடு வளையத்தைப் பார்த்தாய். அங்கே செதுக்கியிருக்க வேண்டிய எழுத்துகள் இல்லை. கறுப்பு டிஸ்க்கிலேயே காப்பி அடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"கறுப்பப் பாத்து ஏமாந்துட்டியேல வாத்தியாரே! எம்.எஸ்.சி. படிச்ச கண்ணு பாரு!"

சொல்லிவிட்டுச் சிரித்தாய். கூட நாலு பேர் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்து, என் கண் முன்னால் ஒடித்தாய். "இன்னொருத்தன் ஏமாறக் கூடாதுல்லா" என்றாய். நான் திரும்பி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் நீ "ஏலே, ஏலே" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. அதற்கு அப்புறம் நீ கூப்பிடவில்லை.

நீ போன செய்தி எனக்கு அடக்கம் முடிந்த பிறகே வந்தது. உன் தங்கை பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணன் இத ஒங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க." ஏன் என்று சொன்னாயா என்று கேட்டேன். இல்லையாம்.

அந்த கேமின் ஒரிஜினலைத் தேடி வாங்க வேண்டும், உன் பெட்டியிலேயே ஓட்ட வேண்டும், பிறகு அதை உன் முகத்தில் விட்டெறிய வேண்டும். இதுதான் என் திட்டம். முகம் இல்லை என்பது வேறு விஷயம். பழைய பெட்டிகளின் லென்ஸ் சோர்ந்துபோய் எல்லா டிஸ்க்கையும் படிக்காது என்பதால் பெட்டியைப் பையில் போட்டே எடுத்துப் போனேன். ஒரு கடையில் கேம் இருந்தது. நடு வளையத்தில் எழுத்துகளும் இருந்தன. கடைக்காரன் தன் சின்ன டிவியோடு இணைக்கப் பெட்டியைத் திருப்பினான். நின்றான்.

"இஸ்மே சிப் ஹை சாப்."

"நை. இந்தப் பெட்டியில இருக்காது."

அவன் திருகைத் தொட்டுக் காட்டினான். ஸ்டிக்கர் நடுவில் கிழிந்திருந்தது. பிறகு ஒரு காப்பி டிஸ்க்கைப் போட்டான். திரை விழித்தது, பாட்டு வந்தது. "காப்பி மஸ்த் சல்தா. ஒரிஜினல் கைக்கு?" என்று சிரித்தான். காப்பியே ஜோராக ஓடும்போது ஒரிஜினல் எதற்காம்.

அத்தனை ஞாயிறும் நாடகமா? ஊருக்கு ஒரிஜினல் உபதேசம் செய்துவிட்டு, வீட்டில் காப்பி ஓட்டிக்கொண்டா என் டிஸ்க்கை ஒடித்தாய்? அங்கேயே நின்று உன் தங்கைக்குப் போன் செய்தேன். குரலை அடக்க முடியவில்லை.

"அந்தப் பெட்டிய எப்பம்மா பிரிச்சான்?"

"காலு முடியாமப் போனப்புறம்ணே. சுகர்ல கால் விரல எடுத்தாங்கல்லா, அதுக்கு அப்புறம். சந்தைக்கு யாரு கூட்டிட்டுப் போவா? ஒரு மெக்கானிக்க வீட்டுக்கு வரச் சொன்னாங்க. அவன் அதப் பிரிக்கையில பாக்க மாட்டேன்னுட்டு அடுத்த ரூம்ல போயி உக்காந்துகிட்டாங்க."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

நீ எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். செய்தால் நான் எடுக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். அப்படியும் செய்திருக்கலாம். அந்த டிஸ்க்கை ஒடித்ததை நான் மன்னிக்கவில்லை. இப்போது அதன்மேல் இந்த உடைந்த சீலையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அடுத்த ரூமில் நீ உட்கார்ந்திருந்ததை என்ன செய்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

கடைக்காரன் காப்பியை உறையில் போட்டு நீட்டிக்கொண்டிருந்தான். ஒரிஜினலின் விலையில் ஒரு துளிதான்.

"நக்கோ" என்றேன். உன் குரல் மாதிரியே இருந்தது, எரிச்சலாக.

ஒரிஜினலைப் பெட்டியில் வைத்தான். டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. லென்ஸ் முன்னும் பின்னும் தேடியது. அவன் உதட்டைப் பிதுக்கினான். பிறகு மலை வந்தது. பாதை வந்தது. காரும் வந்தது.

அதை உன் முகத்தில் விட்டெறியவில்லை. வேறொன்று செய்தேன். டிஸ்க்கை வெளியே எடுத்து, வெயிலில் சாய்த்து, நடு வளையத்தை மறுபடி பார்த்து, "பாருலே" என்று இடது பக்கம் நீட்டினேன். நீ எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்பாய்.

அங்கே இஸ்திரிப் பெட்டி பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் நிமிர்ந்து, "க்யா ஹை பாய்?" என்றார்.