ரொஷானுக்குச் செய்த கதிரை

மடுல்சீமை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் ஜெசீகாவுக்கு அம்மா எழுதுவது,

மாதாவின் தயவில் நாங்கள் மூன்று பேரும் இருக்கிற இடத்தில் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் அந்த சைப்ரஸ் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் வந்தேன். இங்கே மழை விட்டபாடில்லை, பாதை மறுபடியும் அரித்துப்போய் பஸ் ஒரு நாள் வந்தால் ஒரு நாள் வருவதில்லை. இதெல்லாம் போனில் சொல்லலாம். உன் பிள்ளை ரொஷான் உட்காரச் செய்த கதிரை விசயத்தைச் சொல்லப்போனால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் தாளில் எழுதி, பதுளைக் கடைக்கார மிப்ரானிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, பயந்துவிடாதே.

நீ பார்த்துக்கொள்ளும் பெரியவரின் மகன் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்த கதிரைப் படம் இங்கே வந்தபோது அப்பாவின் போனில் திறக்கவே இல்லை. பதுளைக்குப் போய் மிப்ரானின் போட்டோ கொப்பி கடையில் காட்டினோம். இது மெஷினில் பலகை வெட்டுகிறவர்களுக்கான பைல், காகிதத்தில் எடுக்க வேண்டுமென்றால் மாற்ற வேண்டும் என்று சொல்லி, பிடிஎஃப் ஆக்கி, துண்டு துண்டாக ஒரு கட்டுத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தான். முதல் தாளின் மூலையில் ஒரு சதுரம் இருக்கும், அளந்தால் இரண்டு அங்குலம் வர வேண்டும், வராவிட்டால் பலகையில் கை வைக்காதீர்கள் என்று நீ சொல்லியிருந்தாயே, அப்பா கடை வாசலிலேயே டேப்பை வைத்துப் பார்த்தார், குறைந்தது. தாளுக்குள் அடங்கட்டும் என்று மெஷின் தானாகவே படத்தைச் சுருக்கிவிடுமாம். மிப்ரான் அதை நிறுத்திவிட்டு உள்ள அளவிலேயே மறுபடி எடுத்தான், சதுரம் மயிரிழை பிசகவில்லை. வீட்டுக்கு வந்து தரை முழுக்கத் தாளைப் பரப்பி, கோதுமை மாவில் பசை காய்ச்சி நான் ஒட்டிக் கொடுக்க, அப்பா அதைப் பலகை மேல் ஒட்டிக் கோடு தப்பாமல் அறுத்தார். உன் அப்பாவுக்கு வாய்தான் கோணல், கை நேர்.

நிமிர்ந்து உட்கார ஒரு கதிரை மட்டும் இருந்தால் ரொஷானை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்கிறேன் என்று முன்பள்ளி டீச்சர் நிலக்ஷனா சொன்னது உனக்குத் தெரியும். வார்னிஷ் காய்ந்த அன்றே அவளையும் வரச் சொன்னேன், லயத்து வரிசை வீடுகளின் சனமும் கூடிவிட்டது. பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தேன். ஜெசீகா, அவன் உள்ளே போகவில்லை. இடுப்பு பாதியிலேயே நின்றுவிட்டது, தோள் இரண்டு பக்கமும் முட்டுகிறது, முழங்கால் முன் பலகையை இடிக்கிறது. கொஞ்சம் அழுத்தினேன், வீரிட்டு அழுதான். உடனே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். டீச்சர் அவன் காலைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அப்பாவுக்கு வந்ததே கோபம். மிப்ரான் மறுபடியும் அளவைச் சுருக்கிவிட்டான் என்று தாளைச் சுருட்டிக் கதிரையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். பிள்ளையைப் பக்கத்து வீட்டு இராக்கம்மா அக்காவிடம் விட்டுவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். கடை நிறையச் சனம் நிற்க, ஒரு சீக்குப் பிள்ளையின் காரியத்தில் இப்படிச் செய்வாயா என்று கத்தினார். மிப்ரான் அப்பாவின் டேப்பையே வாங்கிச் சதுரத்தில் வைத்தான், இரண்டு அங்குலம். கதிரையை அளந்தான், தாளில் இருந்ததும் அதுவும் ஒன்றுதான். அப்புறம், பிள்ளையின் அளவு என்ன என்று கேட்டான். அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன்.

நாங்கள் அளக்கவே இல்லை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் யார் கண்ணை மூடினாலும் பெட்டிக்கு அளவெடுக்கிறவர் உன் அப்பா. படுத்திருக்கிற உடம்பில் டேப் வைத்தால் அது சாவு அளவு, எழும்ப முடியாமல் கிடக்கிற என் பேரனுக்கு அதை வைக்கமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். பெற்றவளுக்குத் தெரியாத அளவா என்று உன்னிடமே கேட்டோம். நீ சொன்னது நீ விட்டுவிட்டுப் போன பிள்ளையின் அளவு. தினம் தூக்குகிறவளுக்குப் பாரம் கூடினது எங்கே தெரிகிறது, இடுப்பு வலிக்கிறதே, வயதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்பாவின் பழைய பெனியனுக்குள் கிடக்கிறவனுக்கு உடுப்பு பற்றவில்லை என்றும் தெரியாது. வளராத பிள்ளை என்று லயத்தில் பேர் வைத்திருக்கிறார்கள், கேட்டுக் கேட்டு நாங்களும் அப்படியே நம்பிவிட்டோம்.

அப்பா கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். போகும்போது புலியாகப் போனவர் பூனையாக எழுந்து மிப்ரானின் கையைப் பிடித்து மன்னித்துக்கொள் என்றார். பிறகு எதிர்க் கடையில் ஒரு புது டேப் வாங்கினார். எந்தப் பெட்டிக்கும் இது போகாது என்று பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னார். வீட்டுக்கு வந்து அவரே அளந்தார், வாயில் செபம் ஓடிக்கொண்டே இருந்தது. ரொஷானுக்கு நெஞ்சில் டேப் பட்டதும் கூச்சம், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். இடுப்பிலிருந்து முழங்கால் வரை மட்டுமே நீ சொன்னதைவிட நாலு அங்குலம் கூட. படுத்த படுக்கையிலேயே வளர்ந்திருக்கிறான், மகளே. எனக்குச் சந்தோசமா பயமா என்று இன்னும் பிடிபடவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

எல்லா அளவும் தனித் தாளில் இருக்கிறது, பெரியவரின் மகனிடம் கொடுத்து மறுபடி வரைந்து தரச் சொல், இனியும் வளருவான் என்று சொல்லி நான்கு பக்கமும் கொஞ்சம் தாராளமாக விடச் சொல். இந்தச் சின்னக் கதிரையைக் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் இருக்கும் ஒரு குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று டீச்சர் கேட்டாள், அப்பா தலையாட்டிவிட்டார். ரொஷானின் இடம் அப்படியே இருக்கும் என்றும் சொன்னாள். நீ வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, பெரியவரைத் தூக்கும்போது முதுகைப் பார்த்துக்கொள். போகும் வழியிலும் வரும் வழியிலும் ஆண்டவர் உன் கூடவே இருப்பாராக, மாதா உன்னைக் காப்பாளாக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வருகிற ஞாயிறு நீ வீடியோவில் அழைக்கும்போது போனை இராக்கம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டு, நான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நிற்பேன். இத்தனை காலமும் உனக்கு அவன் முகத்தை மட்டும்தான் காட்டியிருக்கிறேன். அவன் கால் என் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. நீ உட்கார்ந்துகொண்டு பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
பவுலினா