ஓரத்தில் எழுதிய தமிழ்

பார்க்டேல், ரொறன்ரோ
12.02.1987

அன்பின் புவனம்,

கடிதமும் பிள்ளைகளின் படமும் கிடைத்தன. பெரியவன் வளர்ந்துவிட்டான். இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை.

"வர முந்தி இங்கிலிஷ் பழகவேணும், உங்கட புத்தகத்தை அனுப்புங்கோ" என்று எழுதியிருந்தீர். அது ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே போலிஷ் சொல் அச்சிட்ட புத்தகம். தேவாலயத்து மாலை வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் போலந்துக்காரர். தமிழுக்கு அப்படி ஒன்று கிடையாது. அதனால் ஓரத்து வெற்றிடத்தில் நானே பென்சிலால் தமிழை எழுதிக்கொண்டேன்.

வகுப்பில் இருவர் இருவராகப் பேசிப் பழக வேண்டும். எனக்குச் சோடி ஹலினா என்ற பெண். தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். முதல் பாடத்தில் நாங்கள் கணவன் மனைவி. கடையில் என்ன வாங்க வேண்டும் என்று நான் ஆங்கிலத்தில் கேட்பேன். பாணும் பாலும் என்பாள். பாடங்கள் மாறின. ஆசிரியை சோடியை மாற்றவில்லை.

நான் இப்போது வேறு வீட்டில் இருக்கிறேன். கடிதங்களைப் பொன்னம்பலம் அண்ணையின் விலாசத்துக்கே போடும், அவர் தருவார். விசா அலுவலை வெயில் காலம் முடியப் பார்க்கலாம், அவசரமில்லை.

நேற்றுக் காலை தேநீரை நீட்டிக்கொண்டே ஹலினா, "சீனி காணுமோ?" என்று தமிழில் கேட்டாள். உச்சரிப்பில் பிழையில்லை.

புத்தகத்தை இப்போதைக்கு அனுப்ப முடியாது. ஆங்கிலப் பக்கம் எங்களுக்கு முடிந்துவிட்டது. தமிழ்ப் பக்கத்தை அவள் இன்னும் பாடமாக்கி முடிக்கவில்லை.

பிள்ளைகளின் அப்பா