நாற்பது வருடம் செல்லுபடியான பெயர்

காரைக்கால்
12-9-1954

அன்பு மருமகள் கமர் நிஷாவுக்கு அல்லா பிச்சை மாமாவின் சலாம்.

நாங்கள் சுகம். மாமிக்குத்தான் முழங்கால் வலி. பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டுகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. எவன் ஆண்டால் என்ன, அரிசி தின்னத்தானே வேண்டும்?

சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. தாவூது வாத்தியாருக்கு உன்னைப் பெண் கேட்டார்களாமே? என் மகன் இப்ராஹிம் சைகோனில் மவுத்தாகி மூன்று வருடம்தான் ஆகிறது. அரிசி மண்டி இன்னும் அவன் பெயரில் நடக்கிறது. நீயும் அவன் பெயரில் இருப்பாய் என்று நினைத்திருந்தேன். இங்கே வந்துவிடு.

மாமா

---

நாகூர்
3-10-1954

அன்புள்ள மாமாவுக்கு,

மாமிக்கு வேப்பெண்ணெய் சூடாக்கித் தேய்க்கச் சொல்லுங்க.

டீச்சர் வேலைப் பரீட்சைக்குச் சரித்திரம் படிக்கிறேன். பாக்தாதில் கலீபாவை மங்கோலியர் கொன்றுவிட்டார்கள். ஆனால் டெல்லி சுல்தான்கள் அவர் பெயரையே நாணயத்தில் அடித்தார்களாம், ஏறக்குறைய நாற்பது வருடம்! படித்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. கோபப்படாதீங்க.

தாவூது வீட்டில் கேட்டது உண்மை. உங்கள் சம்மதம் தேவையில்லை என்கிறார் என் தாய்மாமன். எனக்குத் தேவை மாமா. நீங்கள் வேண்டாமென்றால் இல்லையென்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

கமர்

---

காரைக்கால்
6-11-1954

கமருக்கு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

திங்கட்கிழமை பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியது. வெடி போட்டார்கள்.

டெல்லிக்காரர்களை முட்டாள் என்று நினைத்துவிடாதே. புதுப் பெயரை அடித்தால் பழையவர் போய்விட்டார் என்று வாயால் சொன்ன மாதிரி ஆகிவிடுமே. அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஆனால் நாணயத்துக்குப் பசிக்காது, வயதும் ஏறாது. உனக்கு இருபத்தாறு. இதை மாமிதான் சொன்னாள். நான் சொல்லியிருக்க வேண்டியது.

தாவூதைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்தேன். மாதிரி பார்க்காமல் மூட்டை வாங்குகிறவன் இல்லை நான். சத்தமாய்ப் பேசுவானாம். கை நீட்ட மாட்டானாம். போதும்.

நிக்காஹ் சோற்றுக்குச் சீரகச் சம்பா இரண்டு மூட்டை வண்டியில் வருகிறது. எல்லையில் இப்போது சுங்கக்காரர் யாரும் மூட்டையை அவிழ்ப்பதில்லை. வண்டியிலேயே நானும் மாமியும் வருகிறோம்.

சபையில் என்னை மாமா என்று கூப்பிடாதே, மாப்பிள்ளை வீட்டார் முழிப்பார்கள். இப்ராஹிம் கூப்பிட்ட மாதிரி வாப்பா என்று கூப்பிடு. அந்தச் சொல்லைக் கேட்டு மூன்று வருடமாகிறது.

அல்லா பிச்சை