சவர்க்காரப் பெட்டிக்குள் ஆறு பற்றரி

3 யூலை 1998

ஜெயராஜாவின் பார்சல் வந்து சேர்ந்தது. பெரியம்மாவின் மகன், பேர்னில் இருக்கிறான். அங்கே நாலு பேரைச் சேர்த்து ஒரு தமிழ்ச் சஞ்சிகை நடத்துகிறான். கவிதையும் அரசியலும் போதும், ஒரு பக்கம் மெட்டல் இசைக்கு என்று முடிவெடுத்து அதை என் தலையில் கட்டியிருக்கிறான். ஐந்து கசெற். ஐந்தும் புதியவை, ஐந்தும் வேறு வேறு வகை. தபாலைப் பிரித்துப் பார்ப்பவர்கள் மிரளக்கூடாது என்று குழுக்களின் பெயரை எழுதாமல் நாட்டின் பெயரை மட்டும் எழுதியிருக்கிறான். பெயரைப் பேர்னில் சேர்ப்பானாம். நல்லது. பெயர் தெரியாமல் கேட்டால்தான் தீர்ப்பு நேராக இருக்கும்.

ஜேர்மனி. த்ராஷ். கிற்றார் இரண்டு. ஒன்று முழுக்க இடப்பக்கம், மற்றது முழுக்க வலப்பக்கம். இடது வெட்டுகிறது, வலது அதே வெட்டை அரைத் தாளம் பிந்தி வெட்டுகிறது. சுத்தமான வேலை. பாடகனுக்குக் கோபம் இருக்கிறது, குரல் இல்லை. எட்டுப் பாட்டில் மூன்றை எறிந்திருக்கலாம்.

இந்த வரி அச்சில் வந்தே ஆகவேண்டும்: இடமும் வலமும் ஒன்றாய்க் கலந்த மோனோவில் கேட்டுவிட்டு மெட்டல் வெறும் சத்தம் என்பவனுக்கு இதைப் பற்றிக் கதைக்க உரிமை கிடையாது.

5 யூலை

லூர்து கடைக்கு வந்தான். ஹெக்டர் அண்ணனின் கடையில் நான் ரேடியோவும் அம்பிளிஃபயரும் திருத்துகிறேன். பின்னேரங்களில் கடை அண்ணனின் பைலாப் பாட்டுக் குழுவுக்குப் பழகும் இடமாகிவிடும். கலியாண வீடுகளுக்கு லூர்துதான் ட்ரம்ஸ். பைலா அடித்து அடித்து அவனுக்கு அலுத்துவிட்டது. இரண்டு காலாலும் அடிக்கும் மெட்டல் ட்ரம்ஸ் மீது பைத்தியம். பாதம் வைக்கும் பலகை ஒன்றுதான் இருக்கிறது, மற்றக் காலால் பிஸ்கட் ரின்னை உதைத்துப் பழகுகிறான்.

பிரேசில் கசெற்றைப் போட்டிருந்தேன். டெத் மெட்டல். இயர்போனில் ஒன்றைப் பிடுங்கப் பார்த்தான்.

"ஒரு காது உனக்கு, ஒரு காது எனக்கு. பங்குதானே மச்சான்."

"பங்கிட்டா ரெண்டு பேரும் பாதிப் பாட்டுத்தான் கேப்பம். விடு."

"கஞ்சன்டா நீ. சத்தத்தில கூடக் கஞ்சன்."

"இது முடியட்டும். மறுகா வோக்மனோட தாறன், வீட்ட கொண்டுபோய் ஒழுங்காக் கேள்."

7 யூலை

நேற்றும் கரண்ட் இல்லை. புதுப் பற்றரி கேட்டால் கடைக்காரன் எதற்கு, எத்தனை என்று விசாரிக்கிறான். வாவிக்கு அக்கரையில் இயக்கத்திடம் போய்விடுமோ என்று அவனுக்குப் பயம்.

திருத்த வரும் ரேடியோக்களில் கிடக்கும் செத்த பற்றரிகள் உண்மையில் செத்தவை அல்ல. ஒன்றில் ஒரு வோல்ற் மிச்சம் இருக்கும். மூன்றைத் தொடராக இணைத்தால் வோக்மனுக்குப் போதும். அப்படி இன்னொரு மூன்றைச் சமாந்தரமாகச் சேர்த்தால் ஒரு கசெற் முழுக்க இழுக்கும். இன்று ஆறையும் சோல்டர் பண்ணி, கறுத்த ரேப் சுற்றி, சவர்க்காரப் பெட்டிக்குள் இறுக்கிவிட்டேன். ஓட்டையால் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் வெளியே வருகின்றன.

ஹெக்டர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "மனே, இத ஆமிக்காரன் கண்டா என்ன நினைப்பான்?"

நான் சொன்னேன்: "வேலை செய்யுதா இல்லையா? அதப் பாருங்க."

பிரேசில் முடிந்தது. வேகம் அபாரம், ஒலிப்பதிவு குப்பை. ட்ரம்ஸைத் தகரக் கொட்டிலுக்குள் வைத்துப் பதிந்தது போல. நாலாவது பாட்டு மூன்றாவதின் நகல்.

10 யூலை

லூர்து வோக்மன், பெட்டி, பிரேசில் கசெற் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் தன்னாமுனையில் உள்ள தன் வீட்டுக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை தரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தராவிட்டால் காலை முறிப்பேன் என்றும்.

11 யூலை

காலையில் றோசம்மா அக்கா கடை வாசலில் நின்றா. லூர்துவின் அக்கா. செருப்பு இல்லாமல் வந்திருந்தா, அதை அவவே கவனிக்கவில்லை.

"தம்பி, லூர்து இஞ்ச நிண்டவனா? ராவு வீட்ட வரல்ல."

நான் பதில் சொல்வதற்குள் தேத்தண்ணிக் கடைக்காரர் வந்துவிட்டார். நேற்றுப் பின்னேரம் றோட்டுக் காவலில் ஆமிக்காரர் ஒரு பொடியனைப் பிடித்துக் கையை மேலே தூக்க வைத்திருந்தார்களாம். பைக்குள் பெட்டியாம். வயராம். றோட்டை மறித்து, ஆட்களை எழுப்பி, பெட்டியைக் கயிறு கட்டித் தூர இழுத்தார்களாம்.

சவர்க்காரப் பெட்டி.

றோசம்மா அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விளங்கியிருக்கும்.

12 யூலை

பூசை முடிந்து ஃபாதரும் றோசம்மா அக்காவும் ஆமி முகாம் வாசலுக்குப் போனார்கள். அவனைப் பார்க்க விடவில்லை. ஃபாதருக்குக் கிடைத்த செய்தி இதுதான்: பெட்டி யாருடையது என்று கேட்டதற்கு, என்னுடையது, நானே செய்தேன் என்று லூர்து சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் ஏன் மூன்று மூன்றாக இணைத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? அவனுக்குத் தொடரும் தெரியாது, சமாந்தரமும் தெரியாது. என் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அந்தப் பொய்க்கு விளக்கம் தெரியாமல் உள்ளே இருக்கிறான். அவன் தெரியாது என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர்கள் என்ன செய்வார்கள்?

விளக்கம் எனக்குத் தெரியும். ஒரு நிமிட வேலை.

பின்லாந்து. டூம். வோக்மன் லூர்துவோடு போய்விட்டதால் திருத்த வந்த ரேப் ரெக்கோடர் ஒன்றில் போட்டேன். மெதுவாக நடக்கும் இசை. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் என் தலை முகாமுக்குப் போய் வந்துவிடுகிறது. நிறுத்திவிட்டேன். இதை இப்போது எடைபோட முடியாது.

13 யூலை

போனேன். முகாம் வாசல் தெரியும் வளைவு வரை. அங்கே ஒரு மாமரம், அதன் கீழ் சைக்கிளை நிறுத்திச் செயினைப் பார்ப்பது போல் குனிந்து நின்றேன். செயின் நன்றாகத்தான் இருந்தது. திரும்பிவிட்டேன்.

போனால் என்ன நடக்கும்? பெட்டி செய்தவன் நான் என்கிறேன். சரி, நீயும் உள்ளே வா என்பார்கள். இவனைப் போல வயர் வேலை தெரிந்தவனைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்பார்கள். அப்போது இரண்டு பேர் உள்ளே. அதில் யாருக்கு இலாபம்? — கணக்குச் சரி. கணக்குச் சரிதானே? பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

அம்மா சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டு மூடி வைத்தா.

நோர்வே. பிளாக் மெட்டல். பத்து நிமிடம் கேட்டேன். ஒருவன் அலறுகிறான். நிப்பாட்டினேன். எனக்கு ஏலாது. இந்த வகையை வேற யாராவது எழுதட்டும்.

14 யூலை

மாமாங்கக் கோயிலில் கொடியேற்றம். அமிர்தகழிப் பக்கமிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் கடை வரை வந்தது. வழமையாக இந்த நேரம் கோயிலுக்குப் போகும் அம்பிளிஃபயர் எல்லாம் என் கையால்தான் போகும். இன்று ஒரு வோல்யூம் திருகைக்கூடக் கழற்றிப் பூட்ட முடியவில்லை. திருகாணி விழுந்து விழுந்து உருண்டது.

ஹெக்டர் அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"பெட்டி உண்ட வேலைதானே?"

"ஓம்."

"ஜேர்மன்காரனுக்குக் குரல் இல்ல எண்டு எழுதினாய். பிரேசில்காரன் குப்பை எண்டு எழுதினாய். கடல் தாண்டி இரிக்கிறவன எல்லாம் பேசுவாய். இந்தா, சைக்கிள் மிதிக்கிற தூரத்துல இரிக்கிறவனிட்ட வாய் திறக்க ஏலாதா?"

"அவங்கட பாஷை எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். நாளைக்கு வெள்ளன வா. வோல்ற் பாக்கிற மீற்றரையும் எடு. சேட்ட வெளியால விடாத, களிசானுக்குள்ள விட்டுக்கொண்டு வா."

15 யூலை

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வாசலில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மீற்றரைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தந்தார்கள். உள்ளே ஒரு மேசை. மேசையில் என் பெட்டி, வோக்மன், கசெற். அதிகாரி என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். அவர் சிங்களத்தில் கேட்டார், ஹெக்டர் அண்ணன் மாற்றிச் சொன்னார்.

யார் செய்தது? நான்.

ஏன் மூன்று மூன்று? சொன்னேன். பற்றரி ஒவ்வொன்றையும் மீற்றரில் தொட்டுக் காட்டினேன். ஒன்றுக்குக் குறைவாகத்தான் முள் ஏறியது. இதனால் ஒரு ரோர்ச் பல்ப்பைக்கூட ஒழுங்காக எரிக்க முடியாது என்றேன். ஹெக்டர் அண்ணன் நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னார். அதில் சேர் என்ற சொல் பல இடத்தில் வந்தது.

வயரைப் பிடித்து வோக்மனில் கொடுத்தேன். சுற்றியது. அதிகாரி இயர்போனைக் காதில் வைத்தார். உடனே எடுத்துவிட்டார். கசெற்றைப் பார்த்தார். திரும்ப வைத்தார்.

பாட்டில் என்ன சொல்கிறான் இவன்?

"தெரியாது. பாடுறவன்ட தாய்க்கும் தெரியாது."

ஹெக்டர் அண்ணன் என் காலை மிதித்தார். ஆனால் மாற்றிச் சொன்னார். எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

இது பாட்டா? பாட்டுத்தான். நல்ல பாட்டா?

ராத்திரி முழுக்கப் பழகி வைத்திருந்தேன்: நல்ல இசை, வெளிநாட்டில் பிரபலம், இளைஞர்கள் விரும்பிக் கேட்பது. வாயைத் திறந்தால் வந்தது வேறு.

"இல்ல. இது நல்லதில்ல. ட்ரம்ஸத் தகரத்துக்குள்ள வச்சுப் பதிஞ்சிரிக்காங்க. நாலாவது பாட்டு மூண்டாவதப் பாத்து எழுதினது. ரெண்டாவது மட்டும் பரவாயில்ல."

ஹெக்டர் அண்ணன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அப்படியே சொன்னார் போல. அதிகாரி கசெற்றை முன்னுக்கு ஓட்டினார், நிறுத்தினார், கேட்டார். திரும்ப ஓட்டினார். மூன்றாவதும் நாலாவதும். என் வாழ்க்கையில் ஒரு விமர்சனத்தை இவ்வளவு கவனமாக யாரும் சரிபார்த்ததில்லை.

இயர்போனைக் கழற்றினார். இரண்டும் ஒன்றுதான், என்றார். சிரிக்கவில்லை.

மத்தியானம் கழியும் வரை வாங்குப் பலகையில் இருத்தி வைத்தார்கள். பிறகு அடையாள அட்டையைத் தந்தார்கள். வோக்மனைத் தந்தார்கள். பெட்டியும் கசெற்றும் அவர்களுக்கு. இனி இப்படி ஒன்றைச் செய்தால் கதைக்க இடமில்லை என்றார்கள். லூர்துவை ஃபாதர் வந்து கையெழுத்து வைத்துக் கூட்டிப்போகலாம்.

வெளியே வந்ததும் ஹெக்டர் அண்ணன் வேலியோரம் குந்தி இருந்துவிட்டார். "பாடுறவன்ட தாய். உன்ன நான் இனி எங்கயும் கூட்டிக்கொண்டு போகமாட்டன்" என்றார்.

16 யூலை

விட்டுவிட்டார்கள். வீட்டில் இருக்கிறான்.

17 யூலை

தன்னாமுனைக்குப் போனேன். லூர்து மெலிந்திருக்கிறான். முகத்தில் காயம் இல்லை. பலமாகக் கதைக்கிறான், கூரைக்கு மேல் நிற்பவனிடம் கதைப்பது போல. றோசம்மா அக்கா அவனுக்கு இடப்பக்கம் நின்று சாப்பிடக் கூப்பிட்டா. இரண்டு தரம் கூப்பிட்டா.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "ஏன்டா என்ட பேரச் சொல்லல்ல?" என்று அவனையே ஏசினேன்.

"சொன்னா வோக்மன ஆர் தருவான்?" என்றான்.

19 யூலை

லூர்து கடைக்கு வந்தான். வோக்மனைக் கடைக் கரண்டில் பூட்டி, சுவீடன் கசெற்றைப் போட்டுக் கொடுத்தேன். பவர் மெட்டல், ஐந்தில் எனக்குப் பிடிக்காதது, ஆனால் இடமும் வலமும் கச்சிதமாகப் பிரித்துப் பதிந்தது. இயர்போன் இரண்டையும் அவனிடமே கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கேட்டான். இடப்பக்கத்தைக் கழற்றி உதறினான். ஊதினான். திரும்ப வைத்தான்.

"மச்சான், இந்தப் பக்கம் வயர் அறுந்திட்டு. பாரு."

வாங்கி மீற்றரில் வைத்தேன். முள் முழுக்கப் போனது, வயரில் அறுப்பு இல்லை. வயரை வளைத்துப் பார்த்தேன், முறுக்கிப் பார்த்தேன். முள் அசையவில்லை. பிறகு என் காதில் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கக் கிற்றார் தெளிவாகக் கேட்டது.

காதில் அடித்திருக்கிறார்கள். கையை விரித்து. அது காயம் காட்டாது.

"என்ன? அறுந்துதானே?"

நான் எதையும் உள்ளபடி சொல்பவன். ஊருக்கே தெரியும்.

"ஓம்" என்றேன். "அறுந்திட்டு. ஒட்டித்தாறன்."

20 யூலை

கல்முனைக்குப் போய்க் காது டொக்டரிடம் காட்டலாம் என்று றோசம்மா அக்காவிடம் சொன்னேன். அவ ஏற்கனவே காட்டிவிட்டாவாம், இங்கேயே. செவிப்பறை மட்டும் கிழிந்திருந்தால் வளரும், உள்ளே நரம்பும் போயிருக்கிறது என்றார்களாம். "அவனுக்கு இன்னும் சொல்லல்ல தம்பி. நீயும் சொல்லாத."

எல்லாரும் சொல்லாமல் இருக்கிறோம்.

23 யூலை

ஆடி அமாவாசை. ஊர் முழுக்கத் தீர்த்தமாட அமிர்தகழியில். கடைத்தெரு வெறிச்சோடிக் கிடந்தது. நான் வோக்மனைத் திறந்தேன். இடப்பக்கம் போகும் பாதையையும் வலப்பக்கம் போகும் பாதையையும் இரண்டு தடைகள் போட்டு ஒன்றாக இணைத்தேன். சின்ன வேலை. இனி எந்தப் பக்கம் வைத்தாலும் எல்லாம் கேட்கும். நானே என் கையால் ஒரு ஸ்டீரியோவை மோனோவாக்கினேன்.

லூர்து வந்தான். வயர் ஒட்டியாச்சு என்று நீட்டினேன். பின்லாந்து கசெற், அன்றைக்கு நான் பாதியில் நிறுத்தியது. வலப்பக்கத்தை அவன் காதில் வைத்தான். இடப்பக்கத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் வைத்துப் பார்க்கவே இல்லை. என்னிடம் நீட்டினான்.

"இது உனக்கு. எனக்கு வேலையில்ல."

எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. வாங்கி வைத்தேன். வயர் குட்டை. தலையும் தலையும் முட்ட, வாங்கில் நெருங்கி இருந்து முழுக் கசெற்றும் கேட்டோம். லூர்து வலது காலால் தரையையும் இடது காலால் பிஸ்கட் ரின்னையும் அடித்தான்.

ஜெயராஜாவுக்குப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். மோனோவில் கேட்பவனைப் பற்றிய வரியை வெட்டிவிட்டேன். நோர்வேக்கு எழுதவில்லை, அவன் திட்டினால் திட்டட்டும். பின்லாந்துக்கு எழுதியது இது:

கிற்றார் கனம், நேர்மையான கனம். இரண்டாவது கிற்றார் முதலாவதுக்குக் கீழே கிடக்கிறது, காது கொடுத்தால் வரும். ட்ரம்ஸ் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் பக்கத்தில் இருந்து சொன்னதை அப்படியே தருகிறேன்: அஞ்சாவது பாட்டில கால் பிந்துது. மற்றதெல்லாம் சரி.