படத்தில் மூடுகிற கதவு

என் கண்ணான லெட்சுமிக்கு,

எனக்கும் நாள் நெருங்கிவிட்டது. வயிறு இறங்கிவிட்டது என்று அம்மா சொல்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, லெட்சுமி. இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல, வரிசையாக இத்தனை காம்பரா இருக்கிற இந்த லயத்தில் எனக்கு ஆள் இல்லை. சொன்னால், "புள்ளத்தாச்சி பேசுற பேச்சா இது" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். அதனால் உனக்கு எழுதுகிறேன். யார் கையில் கிடைத்து யார் படித்தாலும் படிக்கட்டும். பயப்படுகிறவள் தான் ஒருத்தி மட்டும் இல்லை என்று யாராவது ஒரு பெண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

முதலில் உன் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ பெற்றுவிட்டு முகம்கூடச் சரியாகப் பார்க்காமல் போனாயே, அவள் இப்போது என் முழங்கைக்கு மேல் வளர்ந்துவிட்டாள். ராணி என்று பெயர் வைத்தோம். வாய் உன்னுடையது. நாங்கள் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் ஆயாவை எதிர்த்துப் பேசிவிட்டு, அடி விழுவதற்கு முன்னால் சிரித்து மயக்கிவிடுகிறாள். யாரிடம் கற்றாள்?

நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகு உன்னை அண்ணி என்று கூப்பிடச் சொன்னார்கள். நான் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக இருந்தவளை எப்படிக் கூப்பிடுவது? நம் இருவரையும் சேர்த்து வைத்தது சொந்தம் இல்லை, சினிமாதானே. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலைக்கு பஸ் ஏறுவோம். முன் பெஞ்சில் உட்கார்ந்து கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்ப்போம். எனக்கு அழுகிற கதாநாயகி பிடிக்கும். உனக்கு வில்லன்தான். "நல்லவனா நடிக்க என்ன இருக்கு? மொகத்த கழுவிட்டு வந்து நின்னா போதும். கெட்டவனா நடிக்கத்தான் புள்ள தெறம வேணும்" என்பாய். நமக்குப் பிடித்த நட்சத்திரங்களுக்கு ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருந்தோம், நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று என் அண்ணனுக்குத் தெரியாமல் இருக்க. என்னுடையவள் கன்னக்குழி. உன்னுடையவர் புருவக்காரர்.

கடையில் சீனி சுற்றிக்கொடுத்த தாளில் நட்சத்திரங்களின் படம் இருந்தால், சீனியைக் கொட்டிவிட்டுத் தாளைத் துடைத்து, சோற்றுப் பசை தடவிக் காம்பராச் சுவரில் ஒட்டுவாய். ஞாயிற்றுக்கிழமை பார்த்த படம் திங்கட்கிழமை தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் ஓடும். எல்லா வேஷமும் நீதான். "இதென்ன தியேட்டரா?" என்று கங்காணி கத்தினால், "ஆமாங்க, டிக்கெட் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லுகிற தைரியம் உனக்கு மட்டும்தான் இருந்தது.

நீ பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது கடைசியாகப் பார்த்த படத்தை நினைத்துப் பார்க்கிறேன். கதாநாயகிக்கு வலி எடுக்கும். ஒரு கிழவி வெந்நீர் கொண்டுபோவாள். கதவு மூடும். வெளியே கதாநாயகன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பான். விளக்கு ஆடும். பிறகு குழந்தை அழும் சத்தம். கதவு திறக்கும், கிழவி சிரிப்பாள், அவ்வளவுதான். நீ என் காதில் கேட்டாய்: "உள்ள என்னதான் நடக்குதுன்னு ஏன் புள்ள ஒரு படத்துலயும் காட்ட மாட்டேங்கிறாங்க?" நான் உன் தொடையில் கிள்ளினேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் திட்டினார்கள். நம் இருவருக்கும் பிரசவம் என்றால் அந்தக் கதவுதான் தெரியும். வேறு யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

அப்புறம் உனக்கு அந்தக் காலை வந்தது. மழை. எல்லோரும் மலைக்குப் போய்விட்டார்கள், நானும் அண்ணனும் மட்டும் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் நின்றோம். அம்மாவும் மருத்துவச்சியும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தது. "அண்ணே, படத்துல மாதிரியே நடக்குறியே" என்று நான் சிரித்தேன். அண்ணனும் சிரித்தது.

குழந்தை அழுதது. நான் கைதட்டினேன். அடுத்த காம்பராக் கிழவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். திரும்பி வந்து கதவைப் பார்த்தபடி நின்றேன், இதோ திறக்கும், இதோ சிரிப்பார்கள் என்று. கதவு திறக்கவில்லை. குழந்தை அழுது ஓய்ந்தது, அப்போதும் திறக்கவில்லை. உள்ளே நீ இரத்தமாகப் போய்க்கொண்டிருந்தாய். நாங்கள் ஒரு பலகைக்கு இந்தப் பக்கம் சந்தோஷமாக நின்றோம். கடைசியில் மருத்துவச்சி தலையை மட்டும் நீட்டி, "லொறிக்கு ஓடுங்க" என்றார். லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டு தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போயிருந்தது. அது வந்து, உன்னைக் கம்பளியில் சுற்றித் தூக்கிப்போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் லிந்துலையைத் தாண்டுவதற்குள் உன் கை என் கையில் கனத்துவிட்டது.

அண்ணன் அதன் பிறகு உன் பெயரைச் சொன்னதில்லை. சுவரில் உன் படங்களைக் கிழிக்கவும் இல்லை. புகையில் கறுத்து எல்லோருக்கும் ஒரே முகமாகிவிட்டது. நான் சினிமாவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கணக்கப்பிள்ளை வீட்டு ரேடியோவில் நம் பாட்டு வந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுவேன். கலியாணம் ஆனபோதுகூட இந்தப் பயம் இல்லை. வயிற்றில் பிள்ளை அசைந்தது, பார், அன்றைக்கு ஆரம்பித்தது. காற்றில் கதவு சாத்திக்கொண்டால் ஓடிப்போய்த் திறந்துவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஸ்டோரில் வேலை செய்கிறார். நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு படம் பாத்துட்டு வருவோம் வா, மனசு லேசாகும்" என்று போன மாதம் கூட்டிப்போனார். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உள்ளே போனதும் அந்த வாசனை, பீடியும் கடலையும் நனைந்த கம்பளியும், உன் ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டேன். கன்னக்குழிதான் நடித்திருந்தாள். கொஞ்சம் பருத்திருக்கிறாள். அழுகை மட்டும் அப்படியே இருக்கிறது. பாதிப் படம் வரை நன்றாகத்தான் இருந்தேன்.

பிறகு கிழவி வெந்நீர் கொண்டுவந்தாள். கதவு மூடியது.

நான் எழுந்ததே எனக்குத் தெரியாது. "கதவத் தொறங்கடா! அவ செத்துக்கிட்டிருக்கா!" என்று கத்தியிருக்கிறேன். யாரோ விசில் அடித்தார்கள். என் வீட்டுக்காரர் என்னைத் தாங்கி வெளியே கொண்டுவந்தார்.

வாசலில் கடலைக்காரி இருந்தாள். உனக்குத் தெரியும், மெனிக்கே, சிங்களத்தி, இடைவேளையில் கூடையோடு உள்ளே வருவாளே, உன் புருவக்காரரைப் பற்றி அவளும் நீயும் சண்டை போடுவீர்களே, அவள்தான். என் வயிற்றைப் பார்த்தாள். கல்லில் உட்கார வைத்தாள். தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல, "அழ வாணாம் நங்கி" என்றாள். "அந்த எடம் வந்தா நானும் உள்ள இருக்கற இல்ல. கூடய தூக்கிட்டு வெளிய வர்றது."

"ஏன்?" என்று கேட்டேன்.

"எங்க மூத்த மக. கதவு சாத்தி இருந்திச்சி. நான் வெளிய. எனக்கு ஒண்ணும் தெரியல்ல."

ஒரு பை கடலையைக் கையில் திணித்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையே ஓடியது. வெளியே இருந்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் லொறிக்கு முன்னாலேயே ஓடியிருப்போமே?

வந்ததும் அம்மாவிடம் சொன்னேன்: "எனக்கு வலி வந்தா கதவ சாத்தக் கூடாது." அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆம்பளைங்க நடமாடுற லயம். வேடிக்க காட்டவா போற? வெக்கம் கெட்டவளே!" என்றாள். தினமும் கேட்கிறேன், தினமும் இதே பதில். நான் என்ன செய்வேன், லெட்சுமி? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? இடுப்பில் என்னவோ பிடித்து இழுக்கிறது. மறுபடியும். அம்மாவைக் கூப்பிட்டுவிட்டு வருகிறேன்.

லெட்சுமி, விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கைக்கு இன்னும் பலம் வரவில்லை.

அது வலியேதான். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மருத்துவச்சி வந்தார், அடுப்பில் தண்ணீர் கொதித்தது, அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அந்தச் சத்தம் போதும். உன் பாயில் நான் படுத்திருக்கிறேன் என்றே தோன்றியது. "தொறங்க, தொறங்க" என்று கத்தினேன். வெளியே என் வீட்டுக்காரர், "என்னாச்சு? அத்தே, என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போது அண்ணன் குரல் கேட்டது. மலையிலிருந்து, செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு நேராக வந்திருக்கிறது. "அம்மா, கதவத் தொற."

"ஆம்பள வர்ற எடமாடா இது? போடா!"

அண்ணனின் காலடி படியிறங்கிப் போய்த் திரும்பி வந்தது. பிறகு இரும்பு பலகைக்குள் இறங்குகிற சத்தம். அலவாங்குக் கடப்பாரையைக் கொடுத்து நெம்பியிருக்கிறது. கீல் ஒவ்வொன்றாகப் பிய்ந்து வந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்: "தோட்டத்துக் கதவுடா! கண்டாக்கய்யா வந்து கணக்குக் கேட்டா என்ன சொல்லுவ?"

"நான் சொல்லிக்கிறேன்."

கதவு போய்விட்டது, லெட்சுமி. வெளிச்சமும் சாரலும் ஒன்றாக உள்ளே வந்தன. அண்ணன் உள்ளே பார்க்கவில்லை. என் சேலை ஒன்றை நிலையில் கட்டித் தொங்கவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி வாசற்படியில் உட்கார்ந்தது. "பாக்கியம், பேசிக்கிட்டே இரு. ஒஞ் சத்தம் நின்னா லொறியக் கூப்புடுவேன். கீழ திருப்பத்துல நிக்குது. கொழுந்து வாடினா வாடட்டும்னு டிரைவர்கிட்ட சொல்லிட்டேன்."

"என்னத்தண்ணே பேச?"

"லெட்சுமி சொல்லுமே, படக்கத. அதச் சொல்லு" என்றது அண்ணன்.

இத்தனை வருஷத்தில் அது உன் பெயரைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். வலியில் அழுதேனா, அதைக் கேட்டு அழுதேனா என்று தெரியவில்லை. ஆனால் சொன்னேன். எந்தப் படத்தை எந்தப் படத்தோடு சேர்த்தேனோ. வலி வரும்போது கத்துவேன், விட்டதும் மறுபடி கதை. மழைக்கு ஒதுங்கிய பெண்களெல்லாம் இஸ்தோப்பில் நின்று, "இல்ல புள்ள, அவ அக்கா இல்லையா செத்தது" என்று திருத்தினார்கள். மருத்துவச்சி முதலில் திட்டினார். பிறகு அவரே, "சரி, அப்புறம் அந்தத் தம்பிக்காரன் என்ன ஆனான்?" என்று கேட்டார்.

பிள்ளை அழுதது. வெளியே ஒருவரும் கைதட்டவில்லை. யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர்கூட ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. எல்லோரும் என் குரலுக்காகக் காத்திருந்தார்கள். எனக்குக் குரல் வரவில்லை. உடம்பு முழுக்க எங்கேயோ இறங்கிப் போவதுபோல இருந்தது. மருத்துவச்சி என் வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார், அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அன்றைக்கு உன் தலைமாட்டிலும் அந்த முகம்தானா இருந்தது?

"பாக்கியம்?" என்றது அண்ணன். "பாக்கியம்!" எழுந்து முற்றத்தில் இறங்கிவிட்டது. "லொறி! லொறியக் கொண்டாங்கடா!"

எங்கிருந்து வந்ததோ அந்த மூச்சு. "இருக்கேண்ணே" என்றேன். "நான் இருக்கேன்."

மருத்துவச்சி கையை எடுத்தார். "இரத்தம் நின்னுருச்சு" என்றார். சேலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டது. தலையில் மழை கொட்ட, வாய்விட்டு அழுதது. நீ போன அன்றைக்கும் அது அப்படி அழவில்லை.

பையன் பிறந்திருக்கிறான். எனக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. இரண்டு நாட்டுச் சர்க்காரும் பேசி, நம் ஆட்களில் பாதிப் பேருக்கு மேற்பட்டவர்களை இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். நாம் சினிமாவில் மட்டும் பார்த்த ஊர். யாரை எங்கே பிரித்துப் போடுவார்களோ தெரியாது. ராணி என் மகன் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். நான் அவளைப் பார்க்கிறேன். அவளுக்கும் ஒரு நாள் வயசு வரும், வயிறு வரும் என்பதுதான் இப்போது என் பயம்.

அதனால் உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். நீ எப்படிப் போனாய் என்று ராணியிடம் நானே சொல்லுவேன், எதையும் மறைக்காமல். அவளுக்கு அந்த வேளை வரும்போது அவள் எந்த ஊரில் இருந்தாலும், நடுவில் கடலே இருந்தாலும், நான் போய்ச் சேருவேன். யார் தடுத்தாலும் அவள் இருக்கும் அறைக்குள் இருப்பேன். அவள் தன் வாயால் "நான் இருக்கேன்" என்று சொல்லும்வரை அவள் கையை விடமாட்டேன்.

உன் மகளுக்கு அத்தை, உனக்கு நாத்தனார்,
பாக்கியம்