இங்கே பந்து விளையாடக் கூடாது

ஜூன் 8, ஞாயிறு

லிஃப்ட் மறுபடியும் மக்கர். கோயிலிலிருந்து வந்து மூன்று மாடி ஏறினோம். ப்ரியம்வதா இரண்டாவது மாடியிலேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வயதில் அப்படி என்ன களைப்பு? "நீ போம்மா, நான் அப்புறமா வரேன்" என்றாள். அதைச் சொல்வதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கினாள்.

சாயங்காலம் கார் நிறுத்தும் இடத்தில் பந்துச் சத்தம். இறங்கிப் போய்ப் பறிமுதல் செய்தேன். இந்த வருடத்தில் ஆறாவது பந்து. குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்றால் சும்மாவா?

ஜூன் 12, வியாழன்

டாக்டர் லின்சி எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டார். நோய் ஒன்றும் இல்லை. நான் டானிக் கேட்டேன். "மருந்தெல்லாம் வேண்டாங்க. தினமும் ஒரு மணி நேரம் மத்த பிள்ளைங்களோட ஓடி விளையாட விடுங்க. மூச்சும் சரியாகும், தூக்கமும் வரும்" என்றார்.

ஸ்கூல் விட்டு வந்தால் செல்போனும் சோபாவும்தான் இவளுக்கு. எங்கே கொண்டுபோய் விளையாட விடுவது என்று வழி முழுக்கப் புலம்பினேன். ஆட்டோவிலிருந்து இறங்கியதும், கூட வந்த என் வீட்டுக்காரர் கேட் பக்கம் கையைக் காட்டினார். "இங்கே பந்து விளையாடக் கூடாது. இப்படிக்கு, செயலாளர்." சிவப்புப் பெயின்ட், என் கையெழுத்து.

"நீ எழுதினதுதானே, சத்தமா படி" என்றார். அழகியமணவாளன் என்று பேர் வைத்தவர்கள் கொஞ்சம் கருணையும் சேர்த்து வைத்திருக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

கண்ணாடி உடைந்தால் யார் பதில் சொல்வது? போர்டு வைத்தது என்ன தப்பு? – காலையிலிருந்து எனக்கு நானே வாதாடுகிறேன். தோற்றுக்கொண்டும் இருக்கிறேன்.

ஜூன் 14, சனி

கீழே போனேன். பிள்ளைகள் ஒன்பது பேர். தலைவி, முதல் மாடி யாழினி, எட்டாம் வகுப்பு. என்னைப் பார்த்ததும் பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். எங்கள் ப்ரியம்வதாவையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் குழைந்தேன். ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது: "எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா குடுங்க மாமி. நாங்க கூடிப் பேசிச் சொல்றோம்."

அது என் வசனம். தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்வது. இவள் அம்மா சுஜாவிடமே மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். கோபம் கோபமாக வந்தது. மேலே வந்து எழுதினேன்.

ஜூன் 15, ஞாயிறு

கடிதத்தோடு ஒரு தூக்குப் புளியோதரையும் அனுப்பினேன். தூக்கு கழுவி வந்தது. உள்ளே பதில்:

"மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு. போர்டை எடுக்க வேண்டும். ஆறு பந்துகளும் திரும்ப வேண்டும். ப்ரியம்வதா அவுட் என்றால் அவுட்தான், நீங்கள் மாடியிலிருந்து கத்தக் கூடாது. புளியோதரை நன்றாக இருந்தது. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை."

காவலாளி பிச்சமுத்துவிடம் ஏணி கேட்கப் போனேன். மனுஷன் ஏற்கெனவே ஏணியோடு நிற்கிறார். பரணிலிருந்து பந்துகள் இறங்கின, போர்டு பரணுக்கு ஏறியது. கார் வைத்திருக்கும் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். கண்ணாடி உடைந்தால் என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

முதல் நாள். பத்தே நிமிடத்தில் திரும்பி வந்து அழுதாள். யாரும் கேலி செய்யவில்லையாம். பந்தைத்தான் அவளிடம் தரவே இல்லையாம். நான் போய்க் கேட்கட்டுமா என்றேன். "வேண்டாம்மா. நாளைக்கு நானே கேட்டுக்கறேன்."

கேட்பாளா? ஸ்கூலில் தண்ணீர் குடிக்கப் போகவே கேட்காத பெண்.

ஜூன் 17, செவ்வாய்

கேட்டாளாம். நாலு பந்து போட்டாளாம். மூன்று வைடாம். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஜூலை 9, புதன்

முழங்காலில் சிராய்ப்பு. ரசம் சாதம் மூன்றாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஒன்பது மணிக்கே தூங்கியாயிற்று. செல்போன் சார்ஜ் இல்லாமல் சோபாவில் கிடக்கிறது, கேட்பாரில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரிக்கரையில், அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. மேட்ச் இருக்கிறது என்று அந்தக் கூட்டத்திலிருந்து என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். யார் யாரை இழுப்பது!

வந்து, முதல் பந்திலேயே அவுட். மாடியில் நின்ற நான் வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். ஒப்பந்தம் ஆயிற்றே. அவள் மட்டையை அடுத்து ஆட வந்த மஹ்ஜபீன் கையில் கொடுத்துவிட்டு, ஓரமாய் நின்று மஹ்ஜபீனுக்குக் கைதட்டினாள். தாயக்கட்டையில் தோற்றாலே மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள் இவள். நானும் மாடியிலிருந்து கைதட்டினேன்.

செப்டம்பர் 20, சனி

லிஃப்ட் மக்கர். அதை விடு.

சாயங்காலம் காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னலில், ஏற்கெனவே கீறல் விட்டிருந்த கண்ணாடி படாரென்று சிதறியது. பந்து பாத்திரம் தேய்க்கும் தொட்டியில். கீழே ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் படியில் தடதடவென்று காலடி. கதவைத் திறந்தேன்.

"அம்மா, நான்தான்மா உடைச்சேன், யாழினியைத் திட்டாதே, அது சிக்ஸர்மா, பந்தைக் குடு, எல்லாரும் காத்திண்டிருக்கா."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. மூன்று மாடி ஓடி வந்தவள், இத்தனை பேச்சுக்கு நடுவில் ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. திட்டு எங்கே போயிற்றோ தெரியவில்லை. பந்தை எடுத்து உடைந்த ஜன்னல் வழியாகவே கீழே போட்டேன். யாழினி பிடித்துக்கொண்டாள். ப்ரியம்வதா அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

கண்ணாடிக்காரர் திங்கட்கிழமைதான் வருவாராம். அதுவரை ஜன்னலை அடைக்கப் பரணிலிருந்து அந்தப் போர்டை இறக்கினேன். அளவு சரியாகவே இருக்கிறது. எழுத்து மட்டும் உள்பக்கமாக, என்னைப் பார்த்தபடி.