மேற்கில் இருந்த கிணறு

செப்ரெம்பர் 9, செவ்வாய்

வெயில். சோளகக் காற்று ஓய்ந்துவிட்டது, புழுதி ஓயவில்லை. விரிவுரை அறையில் இரண்டு மின்விசிறி, ஒன்று சுற்றும்.

புவியியல் மூன்றாம் வருடத்துக்குக் குழுச் செயற்திட்டம். இணையக் கலைக்களஞ்சியத்தில் நம் ஊர்களைப் பற்றிய கட்டுரைகளைத் திருத்த வேண்டும். ஆறு குழு, குழுவுக்கு ஐந்து பேர், புள்ளி 30. ஐந்து பேரில் வேலை செய்வது ஒன்றரைப் பேர் என்பது என் அனுபவம்.

குழு 4: காங்கேசன்துறைப் பழைய துறைமுகம். தலைவி தர்சிகா. தகப்பன் அங்கே கடற்றொழில். கேள்வி கேட்கும் பிள்ளை. கூட நிரோஜன் என்றொரு பகிடிக்காரன். மற்ற மூவரின் முகம் இன்னும் மனதில் பதியவில்லை.

மத்தியானம் ஜெயசீலன் அறைக்கு வந்தான். என்னோடு படித்தவன், இப்போது துறைத் தலைவன். அந்தக் கதிரை யாருக்கு வரவேண்டியது என்று அவனுக்கும் தெரியும்.

"மச்சான், பத்தொன்பதாந் திகதி பெடியளின்ரை கட்டுரையளை மண்டபத்தில காட்டுவம். பேராவைப் பிரதம விருந்தினராக் கூப்பிட்டிட்டன்."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ வேண்டாம் எண்டுவாய்."

அது சரிதான்.

பேரா. என்று நாங்கள் சொல்லும் பழைய பேராசிரியர் என் ஆய்வேட்டை மேற்பார்வை செய்தவர். அவருடைய புத்தகத்தில் ஒரு படம் உண்டு: பாய்க்கப்பல்காரர் குடிதண்ணீர் நிரப்பிய கடற்கரைக் கிணறு, துறைமுகத்துக்குக் கிழக்கே. அதைக் கண்டுபிடித்ததும் நான், கீறியதும் நான். புத்தகத்தில் என் பெயர் எங்கும் இல்லை. நன்றியுரையில் தட்டச்சுக்காரர் பெயர்கூட இருக்கிறது. ஆய்வேட்டின் துறைப் பிரதியைப் பேரா. இரவல் எடுத்தார், திரும்பி வரவில்லை. என் பிரதி இடப்பெயர்வில் போய்விட்டது.

மறக்காமல் செய்ய: மோட்டார்சைக்கிள் பிரேக். பல் வைத்தியர்.

செப்ரெம்பர் 11, வியாழன்

வகுப்பில் விதிகள் சொன்னேன். ஒவ்வொரு வசனத்துக்கும் அச்சில் வந்த ஆதாரம். யாரோ வாயால் சொன்னது ஆதாரம் ஆகாது. ஆதாரம் இல்லாததை யாரும் வந்து நீக்கலாம். மூன்று தடவை சொன்னேன்.

குழு 2 ஒரு வலைப்பதிவை அப்படியே வெட்டி ஒட்டியிருக்கிறது, அதன் எழுத்துப் பிழைகளோடு.

அறைக்கு வெளியே நடையில் நிரோஜனின் குரல்: "மனுசன் ஆதாரம் ஆதாரம் எண்டு சாகுது. வீட்டில சோறு போட்டாலும் ஆதாரம் கேக்கும்."

சிரிப்பு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கன்ரீன் வடை ஊசிப்போயிருந்தது.

செப்ரெம்பர் 14, ஞாயிறு

தலையிடி. பின்னேரம் தர்சிகாவின் தொலைபேசி. குழு 4 காங்கேசன்துறைக்குப் படம் எடுக்கப் போயிருக்கிறது.

"சேர், பேராசிரியரின்ரை புத்தகத்தில இருக்கிற அந்தக் கிணறு கிழக்கில இல்லை. மேற்கில இருக்கு."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம் சேர். நிரோஜன் அள்ளிக் குடிச்சும் பாத்தவன்."

"அது வேறை கிணறாயிருக்கும்."

"கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒராளைக் கேட்டனாங்கள். சிரிக்கிறார். கிழக்கில கிணறு வெட்டினா உப்புத் தண்ணிதான் வருமாம். உதை எழுதினவன் கடலைக் கண்டிருக்கமாட்டான் எண்டுறார்."

புவியியல் மூன்றாம் வருடம், திசை தெரியவில்லை என்று ஏசிவிட்டு வைத்தேன். வைத்த பிறகும் அந்த ஐயாவின் சிரிப்பு காதில்.

கடலைக் கண்டவன்தான். என் ஊர் உடுப்பிட்டியிலிருந்து வல்வெட்டித்துறைக் கடல் சைக்கிளில் அரைமணி. ஆனால் காங்கேசன்துறை நான் படம் கீறிய காலத்தில் இராணுவம் மூடிய பிரதேசம். எட்டிப் பார்க்கவும் முடியாது. திறந்த பிறகு போயிருக்கலாம். போகவில்லை. எனக்குத் தெரிந்த இடத்தை ஏன் போய்ப் பார்க்க வேண்டும் என்றிருந்தேன்.

செப்ரெம்பர் 15, திங்கள்

தர்சிகா பழைய நில அளவைத் தாளோடு வந்தாள். எங்கள் துறையின் வரைபட அலுமாரியில் இருந்ததாம். யுத்த காலத்தில் அந்த அலுமாரி பூட்டு. வரைபடம் கையில் இருந்தாலே ஆபத்து.

தாளில் கிணறு மேற்கே. அச்சில்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்கு மேலிருந்து மட்டைக் குழாயை இறக்கினேன். உள்ளே இடப்பெயர்வில் தப்பிய, இரு பக்கமும் கோடு தெரியும் ரேசிங் தாள், மூலையில் என் கையெழுத்து. மனைவி சாந்தி எட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, உந்தக் குழாயை எறிய எத்தினை தரம் கேட்டனான். அதுக்குள்ளை பல்லி முட்டை போடுது."

எனக்குக் கிணற்றைக் கீறிக் காட்டியவர் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்த ஒரு தண்டையல். பாய்க்கப்பல் ஓட்டிய மனிதர். அவருடைய படத்தைக் கையைவிட்டுத் தரமாட்டார். மின்சாரம் இல்லை, போட்டோப் பிரதி இல்லை. யன்னல் கண்ணாடியில் வைத்துப் பென்சிலால் ஒற்றி எடுத்தேன். மை போட்டது பிறகு, அறைக்கு வந்து, விளக்கு வெளிச்சத்தில்.

தாளை இன்று மறுபக்கம் திருப்பினேன். பென்சில் கோடு அந்தப் பக்கம். கிணறு மேற்கே.

அன்று தாளை மறுபுறம் வைத்து மை போட்டிருக்கிறேன். அதற்கு மேல் கிழக்கு, மேற்கு என்று அழகாக எழுதியிருக்கிறேன். ஆறு மாத உழைப்பு.

செப்ரெம்பர் 16, செவ்வாய்

பல் வைத்தியரிடம் போகவில்லை.

யோசித்தது:
படம் பேராவுடையது என்றால் அதில் என்னுடைய பிழை எப்படி வந்தது? அவர் தானாகக் கீறியிருந்தால் இப்படி இடம் வலமாக மாறாது. திருட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.
ஆனால் சாட்சியைக் காட்ட வேண்டுமானால் பிழை என்னுடையது என்று முதலில் நான் சொல்ல வேண்டும்.

பிழையே இல்லாத படத்தைத்தான் அவர் திருடினார் என்று இவ்வளவு காலமும் ஆத்திரப்பட்டேன். சாந்தியிடம் சொன்னேன். "அப்ப நல்லதுதானே, பிழை அவரின்ரை தலையில போகட்டும்" என்றாள். அதுவும் பொறுக்கவில்லை. அது என்னுடைய பிழை.

செப்ரெம்பர் 17, புதன்

தர்சிகாவைக் கூப்பிட்டு, நில அளவைத் தாளை ஆதாரமாகக் காட்டித் திருத்தச் சொன்னேன்.

"பேராசிரியரின்ரை புத்தகம் பிழை எண்டு அவருக்கு முன்னாலையே சொல்லவோ சேர்?"

"சொல்லுங்கோ."

"அவர் கோவிக்கமாட்டாரே?"

"கோவிக்கட்டும்."

என் குரலில் இருந்த சந்தோசம் அவளுக்குக் கேட்டிருக்கும். "சேர், ஒரு பேராசிரியர் எப்பிடி இப்பிடிப் பிழை விடுவார்?" என்று கேட்டாள். மேசையில் கிடந்த பேனையை மூடினேன். ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

செப்ரெம்பர் 19, வெள்ளி

மண்டபம். மாலை, குத்துவிளக்கு, பேரா. பட்டு வேட்டி. ஜெயசீலனின் புகழுரை இருபது நிமிடம். எனக்கு இடம் பேராவிலிருந்து இரண்டு கதிரை தள்ளி. மட்டைக் குழாய் என் காலடியில்.

குழு 4 கடைசி. தர்சிகா திரையில் புத்தகப் படத்தையும் நில அளவைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். பேராவைப் பார்க்காமல் சொன்னாள்: புத்தகத்தில் திசை பிழை.

பேரா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிரித்தார்.

"ஓமோம். உது நான் கீறின படமில்லைப் பிள்ளை. என்னட்டைப் படிச்ச பெடியன் ஒருத்தன் கீறித் தந்தவன். அவன் மாறிக் கீறிப்போட்டான் போல."

எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை ஆண்டு இந்த வாயிலிருந்து வராத வசனம்.

"ஆர் சேர் அந்தப் பெடியன்?" தர்சிகா விடவில்லை. "அடிக்குறிப்பில போடவேணும்."

"எத்தினை வருசம்! பேர் ஆருக்கு ஞாபகம்?"

எழும்பினேன். குழாய் உருண்டு முன்வரிசைக்கு அடியில் போனது.

"நான்தான் கீறினது."

பேரா. திரும்பிப் பார்த்தார். உண்மையாகவே மறந்திருந்தார் என்று அந்த முகத்தில் கண்டேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம்.

"அட, நீரோ? அப்ப பிழை உம்மடைதான்."

மறுபடியும் சிரிப்பு. கைதட்டலும். இந்தக் கணத்துக்காக ஒத்திகை பார்த்த வசனங்கள் எத்தனை, குளிக்கும்போது, பலாலி வீதி பஸ்ஸில் நின்றபடி. வாயில் வந்தது:

"ஓம் சேர்."

பிறகு தேநீர், பற்றிஸ். ஜெயசீலன் முதுகில் தட்டினான். "பெரிய மனசு மச்சான் உனக்கு." கையைத் தட்டிவிட்டேன். குழாயை நிரோஜன் எடுத்துத் தந்தான். பகிடி ஒன்றும் விடவில்லை.

செப்ரெம்பர் 20, சனி

வானம் மப்பு. மழை வரும்போல, வரவில்லை. புள்ளி போட உட்கார்ந்தேன்.

பத்து மணிக்குத் தர்சிகாவின் தொலைபேசி. "சேர், அடிக்குறிப்பில உங்கடை பேரைப் போட்டனாங்கள். படம் முதல்ல கீறினது நீங்கள் எண்டு."

"ஓ."

"பத்து நிமிசத்தில ஆரோ எடுத்துப்போட்டினம். ஆதாரம் இல்லையாம்."

"மண்டபத்தில இருநூறு பேருக்கு முன்னால பேரா. சொன்னவர்தானே?"

"வாயால சொன்னது ஆதாரமில்லை எண்டு நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள்."

கட்டுரையைத் திறந்து பார்த்தேன். கிணறு மேற்கே இருக்கிறது. நில அளவைத் தாள் அடிக்குறிப்பில். பேராவின் பெயர் போய்விட்டது. என் பெயரும் இல்லை. ஆறு குழுவிலும் சுத்தமான வேலை இதுதான்.

குழு 4: 27/30.

குறைத்த மூன்றுக்குக் காரணம் எழுதப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. வெறுமையாக விட்டேன்.